விரல் வெளியே!

ஐந்து தோட்டா. இரண்டு நொடி. 'கொலாட்டரல்' படத்தில் டாம் குரூஸ் டாக்ஸிக்குத் திரும்பி வரும் அந்தச் சந்துக் காட்சியைப் போன வாரம் மட்டும் இருபது தடவை பார்த்திருப்பேன். கால்வாசி வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். குரூஸின் முகத்தை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு கைகளை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதோ ஒன்று கண்ணில் பட்டது. அதையெல்லாம் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வாருங்கள், சொல்கிறேன்!

படம் பார்க்காதவர்களுக்காக ஒரு நிமிடம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம், இரவு. கூலிக்குக் கொலை செய்யும் வின்சென்ட், டாக்ஸி ஓட்டும் மேக்ஸை ஸ்டியரிங்கோடு கட்டிப்போட்டுவிட்டுத் தன் 'வேலை'யைப் பார்க்கப் போயிருக்கிறான். அந்த நேரம் பார்த்து இரண்டு திருடர்கள் வண்டியிலிருந்த அவனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். நரைத்த தலையும் சாம்பல் நிற சூட்டுமாக வின்சென்ட் வந்து நிற்கிறான். ஒருவன் அவனுக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டுகிறான்.

இப்போது கைகளைப் பாருங்கள். இடது கை எதிரியின் துப்பாக்கியைத் தட்டி விலக்குகிறது. அதே கணத்தில் வலது கை கோட்டை ஒதுக்கி, இடுப்பு உறையிலிருந்து தன் துப்பாக்கியை உருவுகிறது. உருவிய கை முன்னால் நீளவே இல்லை! முழங்கை விலாவோடு ஒட்டிக் கிடக்கிறது. அங்கிருந்தபடியே பக்கத்தில் நிற்பவனுக்கு இரண்டு தோட்டா. அதற்குப் பிறகுதான் கை நீள்கிறது. தள்ளி நிற்பவனுக்கு மார்பில் இரண்டு, தலையில் ஒன்று.

முதலில் ஏன் கை நீளவில்லை? எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒருவன் நிற்கும்போது துப்பாக்கியை நீட்டினால் அவன் அதைப் பறித்துவிடுவான். சரி, புரிகிறது. முதலாமவனுக்கு இரண்டு, இரண்டாமவனுக்கு மட்டும் ஏன் மூன்று? அதுவும் ஏன் அந்த வரிசையில்? இந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் மொசாம்பிக் விமான நிலையம் வருகிறது, பலூன் உடைக்கும் போட்டி வருகிறது, அரிசோனா பொட்டல் வருகிறது, கடைசியில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் ஒரு வரலாற்று ஆசிரியர் வருகிறார்!

முதலில் குரூஸின் வாத்தியாரிடம் போவோம். மிக் கௌல்ட். பிரிட்டிஷ் ராணுவத்தின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படையில் இருந்தவர். இயக்குநர் மைக்கேல் மானுக்கு வேண்டியது 'துப்பாக்கி பிடித்த நடிகர்' இல்லை. இந்தத் தொழிலில் ஊறிய ஓர் உடம்பு. அதனால் கௌல்ட் குரூஸைச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போய், உண்மையான தோட்டாக்களோடு பழக்கினார். படப்பிடிப்பில் வெடிப்பது வெற்றுத் தோட்டாதான். ஆனால் உண்மைத் தோட்டா கையைப் பின்னால் உதைக்கும் அந்த உதை உடம்பில் பதிந்திருந்தால்தான் வெற்றுத் தோட்டாவிலும் தோள் சரியாக நடந்துகொள்ளும் என்பது கணக்கு. வின்சென்ட் கூட்டத்தில் கலந்து மறைகிறவன் என்பதற்காக, மான் குரூஸுக்குக் கூரியர் பையன் உடுப்பு மாட்டி லாஸ் ஏஞ்சலிஸ் சந்தை ஒன்றில் பார்சல் கொடுக்க அனுப்பினார் என்பது கூடுதல் சுவை. உலகமே அறிந்த முகம். சந்தையில் யாரும் அடையாளம் காணவில்லை!

மானும் கௌல்டும் 'கொலாட்டரல்' படத்துக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே 'ஹீட்' படத்தில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். 1995. வங்கிக் கொள்ளைக்குப் பிறகு நடுத்தெருவில் நடக்கும் அந்தத் துப்பாக்கிச் சண்டை, அதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். 'கேட்டவர்கள்' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஸ்டுடியோவில் செய்த சத்தத்தை ஒதுக்கிவிட்டு, படப்பிடிப்பின்போது கண்ணாடிக் கட்டடங்களில் மோதி எதிரொலித்த வெற்றுத் தோட்டாச் சத்தத்தையே மான் படத்தில் வைத்தார். நடிகர்களைப் பழக்கியவர்களில் கௌல்டோடு ஆண்டி மெக்நாப் என்ற புனைபெயரில் எழுதும் இன்னொரு எஸ்.ஏ.எஸ். வீரரும் இருந்தார். வால் கில்மர் காருக்குப் பக்கத்தில் நின்று காலியான மேகசினைக் கழற்றி அடுத்ததைச் செருகும் அந்தச் சில நொடிகள், அடடா! கை தேடவில்லை, தடுமாறவில்லை, கண் எதிரிகளை விட்டு விலகவில்லை. ஒரு நடிகரின் கை அது என்று நம்ப முடியாது.

சரி, அந்த இரண்டு, ஒன்று கணக்கு. இது மொசாம்பிக் விடுதலைப் போர்க் காலத்தில் தொடங்குகிறது. மைக் ரூசோ என்ற கூலிப்படை வீரர், இன்று மபூட்டோ எனப்படும் லோரென்சோ மார்க்கேஸ் நகரத்தின் விமான நிலையத்தில் ஒரு மூலையைச் சுற்றித் திரும்புகிறார். எதிரே ஏ.கே.47 ஏந்திய ஒரு கெரில்லா. தூரம் அதிகமில்லை. ரூசோ மார்பில் இரண்டு தோட்டா சுட்டார். எதிராளி விழவில்லை, வந்துகொண்டே இருந்தார். மூன்றாவதைத் தலைக்குக் குறிவைத்தார். அது கழுத்தில் பாய்ந்தது, எதிராளி விழுந்தார். இந்த அனுபவத்தை ரூசோ ஒரு நண்பரிடம் சொன்னார். நண்பர் அதை வாங்கி, தூசு தட்டி, ஒரு பாடமாக்கினார்: மார்பில் இரண்டு, நிலைமையை ஒரு கணம் பார், ஆள் நிற்காவிட்டால், தலையில் ஒன்று. 'மொசாம்பிக் பயிற்சி' என்று பெயரும் வைத்தார்.

அந்த நண்பர்தான் ஜெஃப் கூப்பர். இந்தக் கட்டுரையின் கதாநாயகர்.

1920-இல் பிறந்தவர். எங்கே? லாஸ் ஏஞ்சலிஸில்! இந்த இடத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்தார். மரைன் படையில் அதிகாரியாகச் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் 'பென்சில்வேனியா' போர்க்கப்பலில் பணியாற்றினார். கொரியப் போரின்போது மறுபடி படைக்குப் போனார். லெப்டினன்ட் கர்னல் ஆனார். போர் முடிந்ததும் படையிலேயே தொடரக் கேட்டார்; கிடைக்கவில்லை. பிறகு வரலாறு கற்பித்தார்; வரலாற்றில் முதுகலைப் பட்டமும் வாங்கினார். துப்பாக்கி வாத்தியார் என்றதும் நம் கண்ணில் ஒரு முரட்டு சார்ஜென்ட் தோன்றுவார். இவர் கையில் சாக்குக்கட்டி இருந்தது. வகுப்பில் பேசும்போது கிரேக்கமும் லத்தீனும் வரும். பிடித்த சொல் கிடைக்காவிட்டால் தானே ஒன்று செய்துகொள்வார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூப்பர் எழுதிய பத்திகளில் அரசியலும் மற்ற இனத்தவரைப் பற்றிய பேச்சும் எனக்குக் கொஞ்சமும் ஒப்பாதவை. துப்பாக்கி எல்லார் கையிலும் இருக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. என் நம்பிக்கை அதுவல்ல. ஆனால் கற்பிப்பது என்ற கலையில் அவர் செய்ததைப் பார்க்கும்போது எனக்கு வரும் பரவசத்தை மறைக்க முடியவில்லை.

1950-களின் பிற்பகுதி. தொலைக்காட்சியில் கௌபாய் தொடர்கள் கொடிகட்டிப் பறந்த காலம். கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரிப் பக்கம் கூப்பரும் நண்பர்களும் 'லெதர்ஸ்லாப்' என்று ஒரு போட்டி நடத்தினார்கள். இருபத்தோரு அடி தூரத்தில் பதினெட்டு அங்குல பலூன்கள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். சைகை கிடைத்ததும் உருவிச் சுட வேண்டும். யார் பலூன் முதலில் உடைகிறதோ அவருக்கு வெற்றி. எல்லாரும் திரையில் பார்த்த மாதிரியே சுட்டார்கள்: ஒரு கை, இடுப்பு உயரம், குறி பார்க்க நேரமேது! படார் படார் என்று சத்தம் மட்டும் வரும், பலூன் ஆடிக்கொண்டே இருக்கும்.

1959-இல் ஜாக் வீவர் வந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட ஷெரீஃப் துறைக் காவலர் (மறுபடியும் லாஸ் ஏஞ்சலிஸ்!), சுடுதளம் ஒன்றைப் பார்த்துக்கொண்டவர். அவரும் முன்பு இதே போட்டியில் இடுப்பிலிருந்து சுட்டுத் தோற்றவர்தான். தோற்றுத் தோற்று அலுத்து, ஒரு காரியம் செய்தார். ரிவால்வரைக் கண்மட்டத்துக்குத் தூக்கினார். இரண்டு கையாலும் பிடித்தார். குறிமுள்ளைப் பார்த்தார். சுட்டார். மற்றவர்கள் அவரைவிட வேகமாக உருவினார்கள், வேகமாகச் சுட்டார்கள், வேகமாகத் தவறவிட்டார்கள். வீவரின் முதல் தோட்டாவிலேயே பலூன் காலி.

தோற்றுப்போனவர்களில் கூப்பரும் ஒருவர். ஒரு வாத்தியாரின் அருமை எனக்கு இங்கேதான் தெரிகிறது. 'அது போட்டிக்குச் சரி, சண்டைக்கு ஆகாது' என்று அவர் சப்பைக்கட்டு கட்டவில்லை. ஏன் வென்றார் என்று போய்ப் பார்த்தார். ஒரு கை துப்பாக்கியை முன்னால் தள்ள, மறு கை பின்னால் இழுக்க, இரண்டுக்கும் நடுவே துப்பாக்கி ஆடாமல் நிற்கிறது என்று பிரித்துப் புரிந்துகொண்டார். அப்படி நின்று சுடும் நிலைக்கு 'வீவர் நிலை' என்று கண்டுபிடித்தவர் பெயரையே வைத்து, பத்திரிகைகளில் எழுதி உலகத்துக்குச் சொன்னார். அடுத்தடுத்த போட்டிகளின் விதிகளை மாற்றிக்கொண்டே போனார்: தூரத்தை மாற்று, இலக்கை நகர்த்து, சுட்டுக்கொண்டே ஓட விடு. எது நிற்கிறது, எது உதிர்கிறது என்று பார்த்தார். போட்டி மைதானம்தான் அவருடைய ஆய்வுக்கூடம். அதில் வடிகட்டி எடுத்ததற்கு 'பிஸ்டலின் நவீன உத்தி' என்று பெயர். நாம் திரையில் பார்க்கும் 'இரண்டு கையால் கண்மட்டத்தில்' என்பது இங்கிருந்து பரவியதுதான். பழைய படங்களில் போலீஸ்காரர் இடுப்பிலிருந்து ஒரு கையால் சுடுவார். புதிய படங்களில் யாராவது அப்படிச் சுடுகிறார்களா பாருங்கள்!

அதே நட்பு வட்டத்தில் இருந்த தெல் ரீட் பின்னாளில் ஹாலிவுட்டுக்கே போய் நடிகர்களுக்குத் துப்பாக்கி கற்றுக்கொடுத்தார். 'டூம்ஸ்டோன்' படத்தில் வால் கில்மரின் கை வித்தைக்குப் பின்னால் இருந்தவர் அவர். அப்படியானால் கில்மர் முதலில் கூப்பரின் தோழரிடம் கற்று, பிறகு எஸ்.ஏ.எஸ். வீரர்களிடம் கற்று 'ஹீட்' படத்துக்கு வந்திருக்கிறார். அந்த மேகசின் மாற்றத்துக்கு எத்தனை வாத்தியார்கள்!

1976-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மிசூரியின் கொலம்பியா நகரில் பல நாட்டு ஆட்கள் கூடி, செயல்முறைத் துப்பாக்கிச் சுடுதலுக்கான உலகக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். கூப்பர் முதல் தலைவர். துல்லியம், வலிமை, வேகம் என்ற பொருளில் மூன்று லத்தீன் சொற்கள் அதன் முழக்கம். அதே ஆண்டு அரிசோனாவின் பால்டன் என்ற சிற்றூர்ப் பக்கம் பொட்டலில் நிலம் வாங்கி, கூப்பர் தன் பள்ளியைத் திறந்தார். 'கன்சைட்' என்று இன்று உலகம் அதை அழைக்கிறது. சின்னம் ஓர் அண்டங்காக்கை. அவரும் மனைவி ஜானெலும் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். சிறு கோட்டை என்று பொருள்படும் 'ஸ்கான்ஸ்' என்று வீட்டுக்குப் பெயர்.

அங்கே கைத்துப்பாக்கிக்கான அடிப்படை வகுப்பு ஐந்து நாள். ஒருவர் ஏறத்தாழ ஆயிரம் தோட்டா சுடுகிறார். என்ன நடக்கும் அந்த ஐந்து நாளில்? வாருங்கள், எட்டிப் பார்க்கலாம்.

முதல் வேலை துப்பாக்கியை உருவுவது. ஒரே வீச்சில் நடப்பதுபோல் தெரிகிறதே, அதை ஐந்து துண்டாக நறுக்கிவிடுகிறார்கள். பிடி. உறையிலிருந்து மேலே எடு. குழலை முன்னால் திருப்பு. இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் சேர். நீட்டிப் பார். பரத வகுப்பில் தட்டுக்கழியைத் தட்டி 'தெய்யா தெய்' சொல்வதைப்போல் வாத்தியார் எண் சொல்லச் சொல்ல வரிசையாக எல்லாரும் செய்கிறார்கள். ஒன்று, நில். இரண்டு, நில். நூறு தடவை, இருநூறு தடவை. மெதுவாக. வேகம் கேட்காதே, அது தானாக வரும். டாம் குரூஸின் அந்தச் சந்துக் காட்சியில் விலாவோடு ஒட்டிய முழங்கை என்று சொன்னேனே, அது இந்த மூன்றாவது எண்! மூன்றில் நின்று இரண்டு தோட்டா. பிறகு நான்கு, ஐந்துக்குப் போய் மூன்று தோட்டா. இது புரிந்த நொடியில் நான் வாய்விட்டுக் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து என் மகள் ஓடி வந்துவிட்டாள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. மாணவரின் துப்பாக்கியில் வாத்தியாரே தோட்டா போடுவார். எது உண்மைத் தோட்டா, எது வெடிக்காத பொம்மைத் தோட்டா என்று மாணவருக்குத் தெரியாது. மாணவர் குறி பார்த்து விசையை அழுத்துகிறார். 'டிக்'. பொம்மை! வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை குபுக்கென்று கீழே குனிகிறது. வெடிக்கப் போகிறது என்று மனம் எதிர்பார்த்து, உதைக்கு முன்பே கை அதை அமுக்கப் பார்க்கிறது. குறி தவறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வெடிச் சத்தத்தில் இது தெரியாது, வெடிக்காதபோதுதான் பிடிபடும். மாணவர் தன் கையைத் தானே திகைத்துப் பார்ப்பார். இதற்கு மருந்தாகக் கூப்பர் சொன்னது, எந்த நொடியில் வெடிக்கும் என்று தனக்கே தெரியாதபடி விசையைச் சீராக அழுத்திக்கொண்டே போவது. பிறகு அந்தச் சீரான அழுத்தத்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிய நேரத்துக்குள் அடக்குவது.

பிறகு 'எல் பிரெசிடென்டே'. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் அதிபரின் மெய்க்காவலர்களைப் பழக்கப் போனபோது கூப்பர் உருவாக்கியது. பத்து கஜத்தில் மூன்று இலக்கு. அவற்றுக்கு முதுகு காட்டி, கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். சைகை கிடைத்ததும் திரும்பி, உருவி, ஒவ்வொன்றிலும் இரண்டு. மேகசின் மாற்றி, மறுபடி ஒவ்வொன்றிலும் இரண்டு. மொத்தம் பன்னிரண்டு தோட்டா, பத்து நொடி. பத்து நொடி என்பது படிக்கத்தான் தாராளமாக இருக்கிறது!

எல்லாவற்றுக்கும் மேலாக, அறைகளும் கதவுகளுமாகக் கட்டிய பயிற்சி வீடு. மாணவர் ஒருவராக உள்ளே போவார். வாத்தியார் நிழல்போல் பின்னாலேயே. மூலைக்கு மூலை மனித உருவப் பலகைகள். ஒன்றின் கையில் துப்பாக்கி. இன்னொன்றின் கையிலும் ஏதோ இருக்கிறது... சுடலாமா? தொலைபேசி! சுட்டிருந்தால் ஒரு அப்பாவி போயிருப்பார். வாத்தியார் சுட்டதை மட்டும் எண்ணுவதில்லை. சுடாமல் விட்டதையும் எண்ணுகிறார்.

கூப்பர் கரும்பலகையில் எழுதிய முக்கியமான பாடத்தில் துப்பாக்கியே கிடையாது. நான்கு நிறங்கள். வெள்ளை: சுற்றி நடப்பது எதுவும் மனதில் பதியாத நிலை. மஞ்சள்: பதற்றமில்லாமல், ஆனால் கண்ணும் காதும் திறந்திருக்கும் நிலை. ஆரஞ்சு: 'அங்கே ஏதோ சரியில்லை' என்று ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்கும் நிலை. சிவப்பு: செயல்பட மனம் முடிவு செய்துவிட்ட நிலை. ஆளைக் காப்பாற்றுவது முதலில் மனம், பிறகு கைப்பழக்கம், அதற்குப் பிறகுதான் குறி என்பது அவர் துணிபு. இரவுப் பேருந்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் பெண்கள் எல்லாரும் இந்த மஞ்சளை யாரும் கற்றுக்கொடுக்காமலே அறிந்தவர்கள் என்று இதைப் படித்தபோது தோன்றியது.

இந்த விழிப்பு ஏன் தேவை? சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் டென்னிஸ் டூலர் 1983-இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு பாய்ந்து வருகிறவன் இருபத்தோரு அடியைக் கடக்க ஒன்றரை நொடிதான் ஆகிறது என்று ஓடவிட்டு அளந்து சொன்னார். இருபத்தோரு அடி! அந்தப் பலூன்கள் தொங்கிய அதே தூரம். காவல்துறைப் பயிற்சிகளில் இன்றும் விவாதிக்கப்படும் அளவு இது.

இந்தத் தொழிலின் உள்பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது, சினிமாவில் வராதது. கைத்துப்பாக்கி வெடிக்கும் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். திடீர் ஓசை 140-ஐ எட்டினாலே காது பழுதாகலாம். ஒரு நாள் சுடும் மாணவர் அதைக் கேட்பது ஒரு நாள். வாத்தியார் கேட்பது ஆண்டு முழுவதும். அதனால் காதுக்குள் ஓர் அடைப்பான், அதன் மேல் காதுமூடி என்று இரட்டைப் பூட்டு. அடுத்தது ஈயம். தோட்டாவிலும் அதை வெடிக்கவைக்கும் மருந்திலும் இருக்கும் ஈயம் புகையாகவும் தூசியாகவும் மூச்சில் போகிறது, கையில் ஒட்டுகிறது. உள்ளரங்கச் சுடுதளங்களில் வேலை பார்க்கும் பயிற்றுநர்கள் இரத்தத்தில் ஈய அளவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். சுடுதளத்தில் சாப்பிடக் கூடாது, கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது, அந்த உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது. அந்த முரட்டு உருவங்களுக்குப் பின்னால் இப்படிக் கை கழுவும் ஒழுக்கமும் இருக்கிறது.

கூப்பரிடம் கற்றவர்கள் நாடெங்கும் பரவினார்கள். வியட்நாம் போரில் இருந்த மரைன் வீரர் கிளின்ட் ஸ்மித், கன்சைட்டில் வேலை பார்த்துவிட்டு 'தண்டர் ராஞ்ச்' என்ற தன் பள்ளியைத் தொடங்கினார். லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸின் சிறப்புப் படையினர் இரண்டு பேர் 1980-ஐ ஒட்டி கன்சைட்டுக்கு வந்து கற்று, மொசாம்பிக் பயிற்சியைத் தங்கள் துறைக்கு எடுத்துப்போனார்கள். அந்தப் பெயரில் இனவாடை அடிக்குமோ என்று தயங்கிப் பெயரை மட்டும் மாற்றினார்கள். ஆக, லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர், லாஸ் ஏஞ்சலிஸ் காவலரிடம் கற்று, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பாடத்தை அரிசோனாவில் நடத்தி, அது லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸுக்கே திரும்பி, லாஸ் ஏஞ்சலிஸ் சந்து ஒன்றில் டாம் குரூஸின் கையில் வந்து நிற்கிறது! கியானு ரீவ்ஸ் 'ஜான் விக்' இரண்டாம் பாகத்துக்காகப் பிஸ்டல், ரைஃபிள், ஷாட்கன் மூன்றையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பழகிய காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் பக்கத்து சிமி வேலியில் எடுத்ததுதான்.

கூப்பர் விட்டுப்போனதில் மிக அதிகம் பேர் மனப்பாடம் செய்திருப்பது நான்கு விதிகளை. எல்லாத் துப்பாக்கியிலும் எப்போதும் தோட்டா இருப்பதாகவே கொள். அழிக்க மனமில்லாத எதற்கும் நேராகக் குழலைக் காட்டாதே. குறி இலக்கில் படியும்வரை விரலை விசைக்கு வெளியே வை. உன் இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள். இவற்றில் ஒன்றை மீறினாலும் பெரும்பாலும் மற்றவை ஆளைக் காப்பாற்றும். ஒன்றுக்கு மேற்பட்டவற்றை ஒரே கணத்தில் மீறும்போதுதான் பெரும்பாலும் உயிர் போகும். அத்தனை அழகாகப் பின்னிய வலை.

வலை கிழிந்தும் இருக்கிறது. 1993-இல் 'தி குரோ' படப்பிடிப்பில் பிரண்டன் லீ இறந்தார். முன்பு எடுத்த காட்சியில் குழலுக்குள் சிக்கிக்கொண்ட ஒரு தோட்டா முனையை யாரும் பார்க்கவில்லை. பின்னால் போட்ட வெற்றுத் தோட்டாவின் விசை அதைத் தள்ளியது. அவருக்கு வயது 28. 2021 அக்டோபரில் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். உண்மைத் தோட்டா இருக்கவே கூடாத இடத்தில் ஒன்று இருந்தது. அந்தப் படத்தின் ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024-இல் பதினெட்டு மாதச் சிறை விதித்தார்கள். கேமராவுக்கு முன்னும் பின்னும் நிற்பவர்களின் உயிர் எவ்வளவு மெல்லிய ஒழுக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது!

கல்லூரி நாளில் என்.சி.சி. முகாமில் எனக்கும் ஒரு வாத்தியார் இருந்தார். கறுத்து மெலிந்த ஹவில்தார். தார்ப்பாயில் குப்புறப் படுத்து, .22 ரைஃபிளில் ஐந்து தோட்டா, இருபத்தைந்து கஜம். சுடுவதற்கு முன் அவர் வரிசையாக நடந்து வருவார். கையில் ஒரு மெல்லிய குச்சி. விசை மேல் விரல் இருந்தால் குச்சி விரலில் விழும். 'உங்க்லி பாஹர்! விரல் வெளியே!' என் விரலில் மூன்று முறை விழுந்தது. அன்று என் இலக்குத் தாளில் எத்தனை ஓட்டை விழுந்தது என்பது நினைவில்லை. விரல் மட்டும் இன்றும் நினைவு வைத்திருக்கிறது. துளை போடும் இயந்திரத்தை எடுத்தால்கூட என் ஆட்காட்டி விரல் பொத்தானை விட்டு விலகி நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறது! அரிசோனா கரும்பலகையின் மூன்றாவது விதியைப் படித்தபோது எனக்கு ஏன் சிலிர்த்தது என்று இப்போது தெரிகிறதா?

சுடச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் என்று இவர்களைப் பற்றி நினைத்திருந்தேன். இந்த ஒரு வாரத்தில் அது தலைகீழாகிவிட்டது. இவர்கள் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொடுப்பது சுடாமல் இருப்பதை. பயிற்சி வீட்டுக்குள் தொலைபேசி பிடித்த பலகையைச் சுடாமல் கடந்த மாணவரைப் பார்த்து வாத்தியார் தலையசைக்கிறாரே, அந்தத் தலையசைப்புக்காகத்தான் அந்த ஐந்து நாளும்.

ஜெஃப் கூப்பர் 2006 செப்டம்பர் 25 அன்று, 86 வயதில், அந்தப் பொட்டலில் தான் கட்டிய வீட்டில் காலமானார். பள்ளி இன்றும் நடக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை எந்த மொழிப் பட போஸ்டரிலாவது நாயகன் துப்பாக்கியோடு நின்றால், முகத்தைப் பார்ப்பதற்கு முன் ஆட்காட்டி விரலைப் பாருங்கள். அது விசையை விட்டு விலகி, நேராக நீண்டு, துப்பாக்கியின் பக்கவாட்டில் படிந்திருந்தால், அந்தப் படத்தில் ஒரு நல்ல வாத்தியார் வேலை பார்த்திருக்கிறார்.